ராட்டினத்தை நிப்பாட்டுற ராத்தா

ராட்டினத்தைச் சுத்த வைக்கிறதுக்கு மோட்டர் இரிக்கு. மனுசரை வேலைக்கு வெச்சிரிக்கிறது அதை நிப்பாட்டுறதுக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதை எனக்கு யாரும் சொல்லல. கல்முனைக் கடற்கரையோரம் சின்னதா ஒரு பூங்கா. பெரிய ராட்டினம் ஒண்டு, கப்பல் ஊஞ்சல் ஒண்டு, புள்ளையள் குதிக்கிற பலூன் வீடு ஒண்டு, குட்டி ரயில் ஒண்டு. முதலாளி ஒரு ஹாஜியார், முந்திப் புடவைக் கடை வெச்சிருந்தவர். புதன்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பொம்பளையளுக்கு மட்டும் எண்டு ஒரு நேரம் வெச்சார். அந்த நேரம் ராட்டினத்தைப் பாக்க ஒரு பொம்பள வேணும் எண்டுதான் என்னை எடுத்தார். ராட்டினத்தைப் பொருத்தின மெக்கானிக்கிட்ட வேலை பழகினன். மறுகா போகப் போக எல்லா நாளும் நானே எண்டு ஆகிப் போச்சு. எனக்குத் துணையா பிரேக்கைப் பிடிக்கிறதுக்கு றிபாய் காக்கா எண்டு ஒருத்தர். என்ட பேர் ஜெஸீமா. ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறது ஹாஜியார் மட்டும்தான். மத்த எல்லாருக்கும் நான் ராத்தா, அதாவது அக்கா; காக்கா எண்டா அண்ணன். கோபம் வந்தா மட்டும் "இந்தப் பொம்பள".

கவுண்டருக்குப் பின்னால நிண்டு "இண்டைக்கு இல்ல" எண்டு சொல்லிப் பிழைக்கிற சனங்களே, டொக்டர் வரல்ல எண்டு சொல்றவங்களே, பஸ்ஸுல இடமில்ல எண்டு சொல்றவங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறன். மத்தவங்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்காது.

முதுகுப் பக்கத்து மழை

இஞ்ச வாற சனம் வானத்தைப் பாக்கிறதெண்டா கடல் பக்கம் மட்டும்தான் பாக்கும். ஆனா நோன்புப் பெருநாள் வாற இந்தப் பங்குனி, சித்திரையில இடிமழை கடல்ல இருந்து வாறதில்ல. மேற்கால, வயல் பக்கமிருந்து, நம்மட முதுகுக்குப் பின்னால வரும். முன்னால கடல் நீலமா, அசையாமக் கிடக்கும். பின்னால மேகம் கரி பூசின மாதிரிக் கிளம்பிக்கிட்டு நிக்கும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஹபீபா மச்சி, என்ட புருசன்ட தங்கச்சி. இருக்கிறது வரிப்பத்தான்சேனையில. பெரும்போகம் வெட்டி முடிஞ்சு, ரோட்டோரம் தார்ப்பாய்ப் படங்கு விரிச்சு நெல்லைக் காயப் போட்டிருப்பா. மழை வாற மாதிரி இருந்தா அள்ளத் தொடங்குவாங்க. அள்ளுறதுக்கு முதல் எனக்குப் போன்ல ஒரு கோல்: "மச்சி, நெல்லு அள்ளுறம்." அவ்வளவுதான், வெச்சிருவா. எங்கட கம்பத்து மேல காத்து அளக்கிற மெஷினும் இரிக்கு, இல்லையெண்டு நான் சொல்லல. ஆனா அது காத்து வந்த பிறகுதான் சுத்தும். மச்சி, காத்து வாறதுக்கு முதலே சொல்லிருவா.

அப்படி ஒரு நாள் மச்சி நெல்லு அள்ள, நான் ராட்டினத்தை நிப்பாட்டிட்டன். கல்முனைக்குடியில தோணி வெச்சிருக்கிற காக்கா ஒருத்தர் குடும்பத்தோட வந்து நிக்கார். "இடி வருது காக்கா, இப்ப ஏத்த ஏலா" எண்டன். சிரிச்சார். என்னைக் கடல் பக்கம் திருப்பி நிப்பாட்டி வெச்சுப் பாடம் எடுக்கத் தொடங்கிட்டார். அலையைப் பாரு, நிறத்தைப் பாரு, பறவையைப் பாரு, இதுல எங்க இரிக்கு மழை? நானும் "ஓம் காக்கா, ஓம் காக்கா" எண்டன். பாடம் முடியல்ல, முதல் துளி அவர்ர பின் கழுத்துல விழுந்திச்சு. மறுகா ஓட்டம்தான். ரெண்டு பேர் நிக்கிற டிக்கெட் கூண்டுக்குள்ள அவர்ர குடும்பம் முழுசும் நனைஞ்ச கோழி மாதிரி ஒடுங்கி நிண்டிச்சு. காக்கா சாரனைப் பிழிஞ்சுக்கிட்டு, கம்பீரம் குறையாமச் சொன்னார்: "இது கரை மழை புள்ள, கடல் மழை எண்டா நான் முந்தியே சொல்லியிருப்பன்."

ஏறாத மாப்பிள்ளை

எங்கட பக்கம் கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வாறது. வந்த புதுசுல அவருக்கு நடக்கிற ராசமரியாதை உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு புது மாப்பிள்ளையை மருதமுனையில இருந்து ஒரு வேன் நிறைஞ்ச சனத்தோட கூட்டி வந்திருந்தாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் ராட்டினத்துல ஏறணுமாம், மத்தவங்க கீழ நிண்டு பாக்கணுமாம், ஒருத்தர் வீடியோ எடுக்கணுமாம். பொண்ணு ஏறிக் குந்தவும் மேற்கால ஒரு மின்னல் வெட்டிச்சு. "இறங்குங்க தங்கச்சி" எண்டுட்டுச் சங்கிலியைப் போட்டன்.

மாமியார் விடுறதா இல்ல. "புள்ள, எங்கட மாப்பிள்ளை முதல் முதலா வந்திருக்கார். திருப்பி அனுப்பினா அவர்ர வீட்டுல எங்களை என்ன நினைப்பாங்க? ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து!" இடி ஓஞ்சு அரை மணித்தியாலம் போனாத்தான் திறப்பம் எண்டன். மழைச் சீட்டு ஒண்டு குடுத்தன், அதைக் காட்டி வேற நாள் ஏறலாம். மாமியார் சீட்டை வாங்காம முகத்தைத் திருப்பினா. மாமனார் ஹாஜியாரை நல்லாத் தெரியும் எண்டார். பொண்ணு அழுதா.

இவ்வளவுக்கும் நடுவுல மாப்பிள்ளையைத் திரும்பிப் பாக்கிறன், புதுச் சட்டை வேர்வையில முதுகோட ஒட்டிப் போய்க் கிடக்கு. கண் ரெண்டும் ராட்டினத்து உச்சியை விட்டு இறங்கல. எல்லாரும் வேனுக்குத் திரும்பிப் போகக்குள்ள, ஆள் செருப்பைச் சரி பண்ணுற மாதிரிக் குனிஞ்சு எனக்குக் கிட்ட வந்தார். "ராத்தா, அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும், இவங்க எப்ப வந்து கேட்டாலும் இடி இரிக்கு எண்டே சொல்லுங்க."

பறக்கிற வீடு

காத்தெண்டா நாங்க முதல்ல மூடுறது பலூன் வீட்டை. சனத்துக்கு இது விளங்கிறதே இல்ல. உசரத்துல ராட்டினம் சுத்துது, தரையில கிடக்கிறதை ஏன் மூடுறா இந்தப் பொம்பள? வெறுங்காத்தை அடைச்சு வெச்ச வீடு அது. கட்டின கயிறு ஒண்டு கழண்டா புள்ளையளோட கிளம்பிரும். ஒரு நாள் எல்லாப் புள்ளையளையும் இறக்கிட்டுக் காத்தைத் திறந்து விட்டன். வீடு சோர்ந்து படுக்க, புள்ளையள் ஒரே குரல்ல அழத் தொடங்கிட்டுகள். ஒரு உம்மா, இடுப்புல ஒரு புள்ளை, ரெண்டு கையிலயும் ரெண்டு, என்னைப் பிடிச்சு வெச்சு ஏன் எண்டு கேட்டா. "காத்துல வீடு பறந்துரும் தங்கச்சி" எண்டன். அவ இடுப்புல இருந்ததை மறுபக்கம் மாத்தினா. "பறக்கட்டும் ராத்தா, அப்படியே கொண்டு போய் எங்கட மாமி வீட்டுல இறக்கினாச் சந்தோசம், நான் ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ளுவன்."

காத்தைத் தேடி வந்தவங்க

அறுகம்பேயில இருந்து ஒரு வேன்காரத் தம்பி ரெண்டு வெள்ளைக்காரங்களைக் கூட்டி வந்தார். அலையில பலகை ஓட்டுற ஆக்கள், ஒரு ஆணும் பொண்ணும். அண்டைக்கு வெயில்தான், ஆனா கொடி கிழியிற காத்து. நான் கையைக் குறுக்கால வெச்சு, இல்ல எண்டு காட்டினன். அவங்க சிரிச்சுக்கிட்டு மேல கையைக் காட்டினாங்க. தம்பி மொழிபெயர்த்தார், காத்தில்லாட்டி இதுல ஏறி என்ன வேலை எண்டு கேக்கிறாங்களாம். எனக்குப் பொறுமை போயிட்டு. "அவங்கட ஊருல உம்மா வாப்பா இருக்காங்களா எண்டு கேளுங்க தம்பி" எண்டன். கேட்டார். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து, என்னமோ கதைச்சு, போய் வாங்குப் பலகையில குந்திட்டாங்க. தம்பி வந்து சொன்னார்: "இருக்காங்களாம் ராத்தா, அவங்களும் இதையேதான் சொல்லுவாங்களாம்."

பெருநாளைக்கு வராத மழை

இனித்தான் வினை. பெருநாள் ரெண்டாம் நாள். வருசத்துல ஆகக் கூடின சனம் வாற நாள் அது. புது உடுப்பு, அத்தர் வாசம், வட்டிலப்பம் நிறைஞ்ச வயிறு. வரிசை கேட்டையும் தாண்டி ரோட்டுல நிக்குது. அந்த நேரம் பாத்து மச்சி கோல் எடுத்தா. "மச்சி, நெல்லு அள்ளுறம். காத்தும் சரியில்ல கா." மேற்கால திரும்பிப் பாத்தன், கறுத்துப் போய்க் கிடக்கு. மின்னலும் தெரியுது, இடியும் கேக்குது. நிப்பாட்டினன். எல்லாரையும் இறக்கினன்.

சனம் நிண்டிச்சு. நானும் நிண்டன். றிபாய் காக்காவும் நிண்டார். ஒரு துளி விழணுமே! மேகம் அப்படியே அக்கரைப்பற்றுப் பக்கம் கிறுகிப் போயிட்டு. எங்கட தலைக்கு மேல வெயில் பல்லைக் காட்டிக்கிட்டு வந்திச்சு. பொடியன்மார் விசில் அடிச்சாங்க. ஒரு பெரியவர் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு எனக்கு முன்னால அங்காலயும் இஞ்சாலயும் நடந்து காட்டினார். இன்னொருத்தர் வந்து, "நனைஞ்சிட்டம் ராத்தா, துவாய் ஒண்டு இரிக்கா?" எண்டு கேட்டார். இடியோட வந்த மேகத்துக்குக் கீழ நாப்பது அம்பது பேரை உசரத்துல வெச்சிருக்க ஏலுமா எண்டு அவங்கட்ட எப்படி விளக்குற? வராத மழைக்குச் சாட்சி இல்ல.

ஹாஜியார் வந்தார். கெட்ட மனுசன் இல்ல அவர். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பன். மெதுவாத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு: "பெருநாளும் அதுவுமாச் சனத்துட சந்தோசத்தைக் கெடுத்திட்டமே ஜெஸீமா, இனி நிப்பாட்டுறதெண்டா முதல்ல எனக்கு ஒரு கோல் எடு, நான் ஓம் எண்டாத்தான் நிப்பாட்டணும்."

ஓம் சொல்ல ஒரு ஆள்

வீட்ட வந்து அழுதன். வெக்கத்துல இல்ல, பயத்துல. ஹாஜியார் ஊருக்குள்ள எங்கயோ இருப்பார், காத்து என்ட தலைக்கு மேல நிக்கும். அவர் என்ட கோலை எடுக்காட்டி? தொழுகையில நிண்டா? மேல புள்ளையளை வெச்சுக்கிட்டு நான் போனைக் காதுல வெச்சு நிக்கிறதா? ஒண்டு நடந்துட்டா அந்தப் புள்ளைட உம்மாக்கு நான் என்ன சொல்லுவன், "ஹாஜியார் ஓம் சொல்லல்ல" எண்டா? இந்த வேலை எனக்குப் பிடிச்ச வேலை. ஆனா ஓம் கேட்டு நிக்கிற ராட்டினத்தை என்னால பாத்துக்கொள்ள ஏலா. விட்டுட்டுப் போயிருவமா எண்டு புருசன்ட்டக் கேட்டன். "பெருநாள் கூட்டம் முடியட்டும், மறுகா யோசி" எண்டார்.

முதல் கோல் எடுக்கக்குள்ள ஹாஜியார் முடி வெட்டுற கடையில. "ஹாஜியார், கொடி கிழியுது, நிப்பாட்டட்டா?" எண்டன். "இஞ்ச நல்ல வெயில் அடிக்குதே புள்ள, கண்ணாடியில தெரியுது" எண்டார். கதைச்சுக் கதைச்சு, கெஞ்சி, ஓம் வாங்கி முடிக்கக்குள்ள காத்தே அடங்கிட்டு. அடுத்த தரம் எடுத்தா, ஒரு கலியாண வலீமா விருந்துல சோத்துச் சகன் தட்டுக்கு முன்னால குந்தியிருந்தார், நான் சொன்னது அவருக்கு ஒண்டும் கேக்கல, "என்ன? எங்க? ஆருக்கு?" எண்டு அவர் கத்துறது மட்டும் வந்திச்சு. பிரேக்குல கையை வெச்சுக்கிட்டு என்ட முகத்தையே பாத்துக்கிட்டு நிண்ட றிபாய் காக்கா கடைசியாச் சொன்னார்: "காத்துக்கிட்டச் சொல்லுங்க ராத்தா, ஹாஜியார் லைன்ல இருக்கார், கொஞ்சம் பொறுக்கட்டாம் எண்டு."

ஹாஜியார் ஏறினார்

அந்தக் கிழமையே நடந்திச்சு. பெருநாள் முடிஞ்ச கையோட எங்கட பொம்பளையள் இன்னும் ஆறு நோன்பு பிடிப்பாங்க, ஆனா புள்ளையளுக்குப் பூங்காவும் வேணுமே. அதனால பின்னேரம் புள்ளையளைக் கூட்டி வந்து விளையாட விட்டுட்டு, அவங்க கேன்டீன் கொட்டிலுக்குள்ள குந்தியிருப்பாங்க. முன்னால ஈச்சம்பழம், போத்தல்ல தண்ணி, பிளாஸ்க்குல கஞ்சி. பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்குப் பள்ளியில பாங்குச் சத்தம் கேட்டா, அங்கயே நோன்பு திறந்துட்டுப் போவாங்க.

அண்டைக்கு ஹாஜியார் மகள்ட புள்ளையள் ரெண்டு பேரோட வந்தார். பெருநாள் கதை ஊருக்குள்ள பரவியிருந்திச்சு. ராட்டினத்துல ஏதோ கோளாறாம், அதுதான் அடிக்கடி நிப்பாட்டுறாங்களாம் எண்டு. "நானே ஏறிக் காட்டுறன், ஆரு பயப்படுற எண்டு பாப்பம்" எண்டுட்டு, பேரப்புள்ளையளை ரெண்டு பக்கமும் வெச்சுக்கிட்டு ஏறிக் குந்தினார். ஆள் நல்ல பாரமான மனுசன். பெட்டி ஒருக்கா முனகிச்சு. றிபாய் காக்கா என்னைப் பாத்தார், நான் வானத்தைப் பாத்தன்.

மூண்டாவது சுத்துல மச்சி எடுத்தா. அள்ளுறம் எண்டு சொல்லல. "மச்சி, அள்ள முடியல்ல கா, காத்து படங்கோட தூக்கிட்டுப் போகுது!" எண்டா. மேற்கால பாத்தன்.  "இறக்குங்க காக்கா!" எண்டுட்டன். றிபாய் காக்கா ஓம் கேட்டு நிக்கல, முதல் பெட்டியை மேடையில பிடிச்சிட்டார். நானும் சட்டத்தை மீறல, ஒரு கையால பெட்டிக் கதவைத் திறந்துக்கிட்டு மறு கையால ஹாஜியாருக்குக் கோல் எடுத்தன். உச்சியில அவர்ர போன் அடிக்கிறது எங்களுக்குக் கீழ கேக்குது. மனுசன் ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சிருக்கார், எடுக்க ஏலா. பேத்திதான் சட்டைப் பைக்குள்ள கையை விட்டு எடுத்துக் காதுல வெச்சிருக்கா.

"ஹாஜியார், காத்து வருது. நிப்பாட்டட்டா?"

"நிப்பாட்டு புள்ள, நிப்பாட்டு!"

"இப்ப நிப்பாட்டினா நீங்க மேலதான் நிப்பீங்க."

"அப்ப நிப்பாட்டாத!"

எங்கட ராட்டினத்தை ரெண்டு டயர் உரசித்தான் சுத்துது. ஒரு பக்கம் பாரமும் மறுபக்கம் வெறும் பெட்டியும் எண்டா டயர் வழுக்கும், நனைஞ்சா இன்னும் வழுக்கும். அதனால இறக்கிறதெண்டா எதிரெதிர்ப் பெட்டியாப் பாத்துத்தான் இறக்கிறது. அப்படியே இறக்கி இறக்கி, கடைசியா ரெண்டு பெட்டி மிச்சம். கீழ வந்தது ஹாஜியார்ர பெட்டி. அதுக்கு நேர் எதிர, உச்சியில, ஒரு உம்மாவும் மூணு புள்ளையளும். காத்துட முதல் தட்டு அப்பதான் வந்திச்சு. மணல் கிளம்பி முகத்துல அடிக்குது. பேரப்புள்ளையள் ரெண்டையும் தூக்கி இறக்கினன். ஹாஜியார் ஒரு காலை வெளிய வெச்சார்.

"நீங்க இருங்க ஹாஜியார். நீங்க இறங்கினா இந்தப் பக்கம் பாரமில்ல, டயர் வழுக்கும். மேல அந்த உம்மாவும் புள்ளையளும் நிக்காங்க."

அவர் மேல பாத்தார். என்னைப் பாத்தார். அவர் முதலாளி, இறங்குறன் எண்டா நான் பிடிச்சு வெக்கவா ஏலும்?  ஹாஜியார் வெளிய வெச்ச காலை உள்ளுக்கு எடுத்துட்டு, கம்பியை இழுத்துப் பூட்டிக்கிட்டுச் சொன்னார்: "பிஸ்மில்லாஹ், என்னை மேல அனுப்பு புள்ள, அதுகளைக் கீழ எடு."

கேன்டீன் கொட்டில்

அரைச் சுத்து. அந்த அரைச் சுத்துப் போல நீளமான ஒண்டை நான் கண்டதில்ல. உம்மாவும் புள்ளையளும் மேடைக்கு வர, புள்ளையளை ஒவ்வொண்டா வாங்கி வாங்கி நெஞ்சோட அணைச்சு இறக்கினன். அந்த நேரம்தான் காத்து முழுசா வந்து அடிச்சிச்சு. வானம் இருட்டிப் போச்சு. ஹாஜியார் உச்சியில தன்னந்தனியா, பெட்டி ஆட, தொப்பி பறக்க நிக்கார். கடுங்காத்து அடிச்சா பாங்கு சொல்றது எங்கட பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியும். மனுசன் ஒரு கையைக் கம்பியில வெச்சு, மறு கையைக் காதுல வெச்சு, அந்த உசரத்துல இருந்து பாங்கு சொன்னார். என்ன குரல்! புடவைக் கடையில குந்தியிருந்த மனுசனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? எனக்குக் கண் கலங்கிட்டு. பாங்கு முடியவும், ஒத்தை ஆள் பாரம் பிரேக்குக்கு அடங்கும் எண்டு றிபாய் காக்கா பிரேக்கை மெல்ல மெல்ல விட, அவர்ர பாரமே அவரைக் கீழ கொண்டு வந்து சேர்த்திச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. அல்ஹம்துலில்லாஹ் எண்டன், எத்தனை தரம் எண்டு எனக்கே தெரியாது. மழை அடிச்சு ஊத்தத் தொடங்கிச்சு, எல்லாரும் கேன்டீன் கொட்டிலுக்கு ஓடினம்.

உள்ளுக்குப் போனா, பொம்பளையள் எல்லாரும் நோன்பு திறந்து முடிச்சு, கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காங்க. நீரா நனைஞ்சு போய் நிண்ட ஹாஜியார் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பாத்தார்.

"என்ன இது? மஃரிபுக்கு இன்னும் நேரம் கிடக்கே!"

"பாங்கு சொல்லிட்டே ஹாஜியார்" எண்டாங்க.

"எந்தப் பள்ளியில?"

"மேலயிருந்து கேட்டிச்சே..."

எனக்கு அப்பதான் விளங்கிச்சு. வானம் மம்மல் பொழுது போல இருட்டு, மேலயிருந்து கணீரெண்டு பாங்கு. ஆருக்குத்தான் சந்தேகம் வரும்? றிபாய் காக்கா சுவர்ப் பக்கம் திரும்பிட்டார், தோள் ரெண்டும் குலுங்குது. ஹாஜியார்ர முகத்தைப் பாக்க ஏலா. "அது காத்துக்குச் சொன்ன பாங்கு!" எண்டார், அழுற மாதிரி. கஞ்சிக் கோப்பையள் எல்லாம் பாதியில நிண்டிச்சு. ஒருத்தி ஈச்சங்கொட்டையைக் கையில துப்பினா. மறுகா முதல்ல ஆரு சிரிச்ச எண்டு தெரியாது, கொட்டில் முழுக்கச் சிரிப்பு. அந்த மூணு புள்ளையளுட உம்மா அழுதுக்கிட்டே சிரிச்சா. ஈச்சங்கொட்டையைத் துப்பினவ, நாளைக்கு இன்னொரு நோன்பு பிடிச்சாப் போச்சு, புள்ளையள் முழுசா இரிக்கே எண்டா.

ஹாஜியார் ஒரு துவாயை வாங்கித் தலையைத் துடைச்சார். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "ஜெஸீமா, இனி எனக்குக் கோல் வேணாம். நீ நிப்பாட்டினா நிப்பாட்டினதுதான்" எண்டார். எனக்கு நெஞ்சுல கிடந்த கல்லு இறங்கிச்சு. ஓம் எண்டு தலையை ஆட்டினன். மூலையில குந்தியிருந்த மாமி ஒருத்தி, நோன்பு முறிஞ்சவங்கள்ல ஆக மூத்தவ, மிச்சக் கஞ்சியை ஒரே மடக்காக் குடிச்சு முடிச்சா. கோப்பையை வெச்சா. "அவக்குக் கோல் வேணாம்தான் ஹாஜியார், நீங்கதான் இனிப் பாங்கு சொல்றதுக்கு முதல் அவக்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கணும்."

இப்பவும் சனம் என்னைத் திட்டிக்கிட்டேதான் கேட்டைத் தாண்டிப் போகுது. வந்த மாதிரியே கை கால் முழுசாப் போகுது, அந்தத் திட்டு ஒண்டும் எனக்கு நோகல.